என்ன கட்டுப்பாடு?

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கைபேசி வைத்திருந்த பலரும் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பார்கள். தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாங்குளம். பள்ளிக்கூடம் போகிற வயதுப் பிள்ளைகள் சிலர் பெட்டிக்கடை முன்னால் தின்பண்டம் வாங்க நிற்கிறார்கள். கடைக்காரர் தர மறுக்கிறார். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருக்காரர்களுக்கு இனி எதுவும் கொடுக்கக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். அந்தப் பிள்ளைகளில் ஒன்று கேட்கிறது: என்ன கட்டுப்பாடு?

அந்தப் பிள்ளை அழவில்லை, கல்லெடுத்து எறியவில்லை, வாய்க்கு வந்தபடி ஏசவும் இல்லை. ஒரு பெரியவர் சொன்னது தனக்குப் புரியவில்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்தே கேட்டது. மாற்றுக் கருத்தை மரியாதையோடு சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று நாம் எத்தனையோ மேடைகளில் பேசுகிறோம். அந்தக் கடை வாசலில் அதை யாரும் கற்றுக்கொடுக்காமலே ஒரு பிள்ளை செய்துவிட்டது. கற்றுக்கொள்ளாமல் நின்றது எதிரே இருந்த பெரியவர்கள்தான்.

அந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கதை முழுக்கப் பெரியவர்களுடையது. 2020-ல் ஊரில் இரண்டு சமூகத்தாருக்கு இடையே அடிதடி நடந்து வழக்காகிறது. 2022-ல் அக்னிவீர் ஆள்சேர்ப்பு வருகிறது. வழக்கு நிலுவையில் இருப்பதால் ஒரு தரப்பைச் சேர்ந்த இளைஞருக்கு ராணுவ வேலை தடைப்படுகிறது. வழக்கை வாபஸ் வாங்குங்கள் என்று பட்டியல் சமூகத்தாரிடம் கேட்கிறார்கள், அவர்கள் மறுக்கிறார்கள். உடனே கூட்டம், கூட்டத்தில் முடிவு, அந்த முடிவை நிறைவேற்றும் இடமாக மிட்டாய் வாங்க வந்த பிள்ளைகளின் கை. பிறகு கடைக்குச் சீல் வைத்தார்கள், கைது நடந்தது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம்சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் சின்னஞ்சிறு வயதில் அந்தப் பிள்ளைகள் பார்த்துக்கொண்ட பாடம் ஒன்று உண்டு: பெரியவர்களுக்குள் கருத்து வேறுபட்டால் பேச்சை நிறுத்துவார்கள், கொடுக்கல் வாங்கலை நிறுத்துவார்கள், சோற்றையும் நிறுத்துவார்கள்.

இந்தக் கட்டுரை பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுப்பது என்பதைப் பற்றியது. ஆனால் தென்காசியிலும் குற்றாலத்திலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் பிள்ளைகள் விளையாடுவதையும் சண்டை போடுவதையும் கூர்ந்து பார்க்கப் பார்க்க, சமாதானம் அவர்களுக்குத் தெரியாத கலை என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்களிடம் இருப்பதை நாம்தான் வளரவிடாமல் செய்கிறோம்.

காயும் பழமும்

பிசான அறுப்பு முடிந்து வயல் காய்ந்ததும் இலஞ்சியிலும் மேலகரத்திலும் செங்கோட்டைப் பக்கத்திலும் கிரிக்கெட் தொடங்கிவிடும். நடுவர் கிடையாது. பந்து வரப்பைத் தாண்டினால் நாலா ஆறா, மட்டையில் பட்டதா படவில்லையா என்று ஓவருக்கு ஒரு சண்டை வரும். ‘ஏலே, அழுகுணி ஆட்டம் ஆடாத’ என்று ஒருவன் கத்துவான். ஐந்து நிமிடம் வாக்குவாதம். முடிவாகாவிட்டால் அந்தப் பந்தைக் கணக்கில் சேர்க்காமல் திரும்பப் போடச் சொல்வார்கள். யார் முதலில் இறங்குவது என்பதற்குச் சாட் பூட் த்ரீ. கூட்டத்தில் சின்னத் தம்பி ஒருவன் வந்து நின்றால் அவன் ஒப்புக்குச் சப்பாணி: ஆடுவான், அவுட் கிடையாது, இரண்டு கட்சிக்கும் பொது. வலுவில்லாதவனை வெளியே தள்ளாமல் ஆட்டத்துக்குள் வைத்துக்கொள்ள அந்தப் பிள்ளைகளே ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

சண்டை முற்றினால் சுண்டுவிரலைக் காட்டி டூ. டூ விட்டவன் பேசமாட்டான், ஆனால் அதே தெருவில்தான் சுற்றுவான். இரண்டொரு நாளில் யாராவது நடுவில் போவார்கள், பழம் விடுவார்கள், ஆட்டம் தொடரும். யார் சரி, யார் தப்பு என்பது தீராமலே போயிருக்கலாம். நாளைக்கும் சேர்ந்து ஆட வேண்டும், ஆள் குறைந்தால் ஆட்டமே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தத் தேவைதான் அவர்களைப் பேசவைக்கிறது.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர் ழான் பியாஜே இதைத்தான் கோலி விளையாட்டில் தேடிப் போனார். ஜெனீவாவிலும் நியூஷாடெல்லிலும் பிள்ளைகளோடு கோலி ஆடியபடி, இந்த விதியை யார் வைத்தது, மாற்றலாமா என்று கேட்டுக்கொண்டே போனார். 1932-ல் வெளிவந்த அவருடைய நூல் சொல்வது இது: சின்னக் குழந்தைகள் விதி என்பது பெரியவர்களிடமிருந்து வந்தது, தொடக் கூடாதது என்று நினைக்கிறார்கள். பத்து, பதினொரு வயது ஆகும்போது விதி நாமே ஒத்துக்கொண்டு வைத்தது, எல்லாரும் சம்மதித்தால் மாற்றலாம் என்று புரிந்துகொள்கிறார்கள். அந்தப் புரிதல் உபதேசத்தால் வருவதல்ல, சமவயதுக்காரர்களோடு ஆடி, மோதி, பேசித் தீர்த்து வருவது என்றார். நியாயத்தின் முதல் பள்ளிக்கூடம் தெரு என்று இதற்குப் பொருள். டியூஷனும் கைபேசியும் தெருவைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்துக்கொண்டுவிட்ட வீடுகளில் அந்தப் பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிறது.

வாயை மூடு, அல்லது அடி

வீட்டுக்குள் வந்தால் வேறு சட்டம். ‘எதிர்த்துப் பேசாத.’ ‘வாய் நீளுது உனக்கு.’ ‘பெரியவங்க பேசுற இடத்துல உனக்கென்ன வேல?’ பெண் பிள்ளை என்றால் இன்னும் ஒரு பூட்டு கூடுதல். அடக்கமே அழகு என்று சொல்லியே அவள் குரலை இறக்கிவிடுவார்கள். ஆண் பிள்ளையிடம் அதே வாய்கள் சொல்வது, ‘அடி வாங்கிட்டு வீட்டுக்கு வராத’. இதைத் தகப்பன்மார் வீரம் ஊட்டுவதாக நினைத்துச் சொல்கிறார்கள். பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டே வழி: மேலே இருப்பவரிடம் வாயை மூடு, பக்கத்தில் இருப்பவனை அடி. நடுவில் இருக்கிற அகலமான பாதை, ‘எனக்கு அது சரின்னு படல, ஏன்னா…’ என்று தொடங்குகிற பாதை, அவன் கண்ணிலேயே படுவதில்லை.

நம் ஊர்களில் மரியாதை கீழிருந்து மேலே மட்டும் போகும். சின்னவர் பெரியவருக்கு, மாணவர் ஆசிரியருக்கு, மனைவி கணவனுக்கு, தாழ்த்தப்பட்டவர் ஆதிக்கம் செய்பவருக்கு. மேலிருந்து கீழே வருவது பரிவாக இருக்கலாம், கோபமாக இருக்கலாம், மரியாதையாக இருப்பது அரிது. மறுத்துப் பேசுகிறவனை மதிக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க நினைக்கும் தாயும் தகப்பனும் முதலில் செய்ய வேண்டிய காரியம், தங்களை மறுத்துப் பேசும் பிள்ளையை ஒரு முறை முழுசாகப் பேசவிடுவது. கேட்டுவிட்டு வேண்டாம் என்றே முடிவு சொல்லலாம். ஏன் வேண்டாம் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் போதும். காரணம் சொல்லிப் பழகிய வீட்டில் வளர்ந்த பிள்ளை வெளியிலும் காரணம் கேட்கும், காரணம் சொல்லும்.

அப்படிப் பழகாத பிள்ளைகளின் கதைகள் அண்டை மாவட்டத்திலிருந்து அடுத்தடுத்து வந்தன. 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை வகுப்பறையிலேயே அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. பென்சில் தொடர்பாக இருவருக்கும் ஏற்பட்ட மனத்தாங்கல்தான் காரணம் என்று காவல்துறை தெரிவித்தது. பென்சிலுக்கும் அரிவாளுக்கும் நடுவே நாட்கள் கடந்திருக்கின்றன. அந்த நாட்களில் இரண்டு பிள்ளைகளும் பேசாமல் இருந்ததை யாராவது கவனித்து, உட்காரவைத்து, என்னடா ஆச்சு என்று கேட்கப் பள்ளியில் ஒரு மணி நேரம், ஒரு ஆள், ஒரு வழக்கம் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த வழக்கம் பெரும்பாலான பள்ளிகளின் நேர அட்டவணையில் இல்லை.

நாங்குநேரி வேறு. அதைப் பிள்ளைச் சண்டைகளோடு சேர்த்துப் பேசுவது தவறு. 2023 ஆகஸ்ட் 9 அன்று இரவு, பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவரை அவருடைய பள்ளியில் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அந்த மாணவர் யாரையும் அடித்தவர் அல்ல. தொடர்ந்து துன்புறுத்தப்பட்டுப் பள்ளிக்கு வராமல் இருந்தவர், கேட்டபோது நடந்ததைச் சொல்லிப் புகார் கொடுத்தவர். கற்றுக்கொடுக்க விரும்பும் நல்ல வழி எதுவோ அந்த வழியில்தான் போனார். அந்த வழியில் அவருக்குக் காவல் இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இரண்டு பிள்ளைகள் பந்துக்கு அடித்துக்கொள்வது மோதல். ஒரு பிள்ளையைப் பிறப்பைச் சொல்லி ஒதுக்குவது மோதல் அல்ல, கொடுமை. மோதலில் இருவரையும் உட்காரவைத்துப் பேசலாம். கொடுமையில் பாதிக்கப்பட்ட பிள்ளையைக் கூப்பிட்டு, ‘நீயும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போ’ என்று சொல்வது அந்தக் கொடுமைக்குப் பள்ளிக்கூடமே துணை போவது. கட்டப் பஞ்சாயத்தில் நடப்பது அதுதான். வலுத்தவன் பேசுவான், இளைத்தவன் தலையாட்டுவான், அதற்குச் சமாதானம் என்று பெயர் வைப்பார்கள். தலைமையாசிரியர் அறையில் அதே காட்சி நடக்கக் கூடாது. எது சண்டை, எது ஒடுக்குதல் என்று பிரித்தறிய ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து ஆசிரியர் பயிற்சியில் மிக அவசரமாகச் சேர்க்கப்பட வேண்டிய பாடம் இது.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு இவற்றுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது, அகர வரிசையில் மாணவர்களை உட்காரவைப்பது, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு, சமூக நீதி மாணவர் படை என்று பல பரிந்துரைகள். கயிற்றின் நிறத்தைப் பார்த்து நண்பனையும் பகைவனையும் தீர்மானிக்கும் பழக்கம் தென் மாவட்டங்களில் பரவிக் கிடப்பதால் இவையெல்லாம் தேவை. அகர வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசவும், முரண்படவும், அதற்குப் பிறகும் பக்கத்திலேயே உட்காரவும் பழகுவது அடுத்த வேலை. அதைச் சுற்றறிக்கையால் மட்டும் செய்ய முடியாது.

கோமதி சொன்ன தீர்ப்பு

தென்காசிச் சீமைக்கு இதில் சொந்தமாகவே ஒரு கதை உண்டு. சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போகும் எல்லாருக்கும் அது தெரியும். சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். ஒருவன் சிவபக்தன், மற்றவன் திருமால் பக்தன். யார் பெரியவர் என்று வாக்குவாதம். நாகங்கள் நினைத்திருந்தால் கொத்திக்கொண்டு செத்திருக்கலாம். அவர்கள் கோமதி அம்பாளிடம் போனார்கள். அம்பாளும் உடனே ஒரு பக்கம் சாய்ந்து தீர்ப்பு சொல்லிவிடவில்லை. விடையைத் தானே கண்டு சொல்ல வேண்டும் என்று தவம் இருந்தாள். பாதி சிவனும் பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார். சங்கனும் பதுமனும் கேட்ட கேள்விக்கு அவர்கள் இருவரும் நினைத்தே பார்க்காத விடை வந்தது.

இந்தக் கதையை நாம் பக்திக் கதையாக மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறோம். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லும்போது நடுவில் நிறுத்திக் கேட்கலாம்: சங்கன் ஏன் அப்படி நினைத்தான்? பதுமன் பக்கம் என்ன நியாயம்? நீ கோமதியாக இருந்தால் என்ன செய்வாய்? பிள்ளைகள் இதற்குச் சொல்லும் பதில்கள் பெரியவர்களை உட்காரவைத்துவிடும்.

குற்றாலத்திலும் ஒரு முன்மாதிரி இருந்தது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954) திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டின் தொட்டிக்கட்டில் நண்பர்களைக் கூட்டிக் கவிதை பேசியதுதான் பின்னாளில் வட்டத்தொட்டி என்று பெயர் பெற்றது. அவர் குற்றாலத்தில் குடியேறிய பிறகு சபையும் கூடவே வந்தது. ராஜாஜி, கல்கி, பேராசிரியர் அ. சீனிவாச ராகவன், தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி எஸ். மகராஜன் என்று அரசியலும் பத்திரிகையும் கல்லூரியும் நீதிமன்றமும் அங்கே வந்து உட்கார்ந்தன. கம்பராமாயணத்தில் ஏராளமான பாடல்கள் பிற்காலத்தில் புகுந்தவை என்று டி.கே.சி. உறுதியாகச் சொன்னார், அவற்றை ஒதுக்கிவிட்டே பதிப்பித்தார். தமிழ்ப் புலவர்கள் பலருக்கு அது பொறுக்கவில்லை; கடுமையாக எதிர்த்தார்கள். அவருடைய பதிப்பு முறையைப் பற்றி எனக்கும் ஐயங்கள் உண்டு. ஆனால் அந்தச் சபையின் அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. வட்டமாக உட்கார்ந்தார்கள், நடுவில் வைத்தது பாட்டை. பேச்சு பாட்டின் மேல் போனது. பாட்டைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்துத்தான் அது நல்லதா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டும். சொல்கிறவரின் பதவி அங்கே உதவாது.

வகுப்பறையில் நாம் செய்வது நேர்மாறு. பிரச்சினையை நடுவில் வைக்காமல் பிள்ளையை நடுவில் நிறுத்துகிறோம். ‘யாருல முதல்ல ஆரம்பிச்சது?’ என்பதுதான் முதல் கேள்வி. இரண்டு விரல்கள் ஒரே நேரத்தில் எதிரெதிராக நீளும், ‘அவன்தான் டீச்சர்’. பிறகு இருவருக்கும் ஆளுக்கொரு அடி, ‘சாரி சொல்லு, கை குடு’ என்று ஒரு கட்டளை. கை குடுத்த அடுத்த நிமிடம் இருவரும் முறைத்துக்கொண்டுதான் போவார்கள். மணி அடித்ததும் பள்ளி வாசலில் மீதி நடக்கும்.

வேறு விதமாகச் செய்யலாம். கோபம் கொதிக்கும்போது விசாரணை வேண்டாம். இருவரையும் பிரித்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, மூச்சு தணியட்டும். அடுத்த மணி வேளையில் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒருவன் பேசி முடிக்கும்வரை மற்றவன் குறுக்கிடக் கூடாது என்று சொல்லிவிட்டுக் கேட்கலாம். இவன் பேசி முடித்ததும் அவனிடம் ஒரே ஒரு வேலை: ‘அவன் என்ன சொன்னான்னு நீ சொல்லு, சரியாச் சொன்னியான்னு அவன்கிட்டயே கேளு.’ மிகச் சின்ன வேலையாகத் தெரியும், பிள்ளைகளுக்கு அது மிகக் கடினம். பெரியவர்களுக்கு அதைவிடக் கடினம். எதிராளி சொன்னதை அவனே ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல முடிந்த பிறகு பாதிச் சண்டைக்கு ஆதாரமே இருக்காது. மீதிக்கு, ‘இனி என்ன செய்யலாம்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க’ என்று விட்டுவிடலாம். தீர்வைப் பெரியவர் சொன்னால் அது அவருடையது, பிள்ளைகள் சொன்னால் அவர்கள் அதைக் காப்பாற்றுவார்கள்.

எண்ணெய்க் குளியலும் நாலு பிள்ளைகளும்

பட்டிமன்றம் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது, அதன் மேல் எனக்கு மதிப்பும் உண்டு. மேடை பயம் போகும், மொழி கூர்மையாகும். ஆனால் பள்ளிப் பட்டிமன்றத்தில் பிள்ளைக்குக் கட்சி பிரித்துக் கொடுக்கிறார்கள்; பேச்சை ஆசிரியரோ அப்பாவோ எழுதித் தருகிறார்கள்; எதிரணி பேசும்போது இவன் தன் தாளை மனப்பாடம் செய்துகொண்டிருப்பான். கேட்பதற்கு அங்கே மதிப்பெண் இல்லை.

அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் என்ற சகோதரர்கள் வகுப்பறைக்கென்று உருவாக்கிய முறை இந்தக் குறையை நேராகத் தொடுகிறது. நான்கு பிள்ளைகள் ஒரு குழு, இரண்டிரண்டு பேராக ஆளுக்கொரு பக்கம். முதலில் தங்கள் பக்கத்துக்குச் சான்று தேடிப் பேசுவார்கள், வாதாடுவார்கள். பிறகு கட்சி மாறி, எதிர்ப் பக்கத்துக்காக அதே அக்கறையோடு பேச வேண்டும். கடைசியில் இரண்டு கட்சியையும் விட்டுவிட்டு நான்கு பேரும் சேர்ந்து ஒரு முடிவு எழுதித் தர வேண்டும். சங்கனையும் பதுமனையும் இடம் மாற்றி உட்காரவைப்பது மாதிரி.

தென்காசிப் பள்ளிகளுக்குத் தலைப்பு தேடி வெளியூர் போக வேண்டாம். குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்க உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. எட்டாம் வகுப்பில் இதை எடுத்துக்கொள்ளலாம். அந்த வகுப்பிலேயே எண்ணெய் தேய்த்துவிட்டுப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை இருக்கலாம். சீசன் கடை போடுகிறவர் மகள் இருக்கலாம். சிற்றாற்றுப் பாசனத்தில் நெல் வைக்கும் விவசாயியின் மகன் இருக்கலாம். சாரல் காலத்தில் மூன்று மாதம் வரும் வருமானம் என்றால் என்ன என்று முதல் பிள்ளைக்குத் தெரியும். அருவியிலிருந்து நுரையோடு வரும் தண்ணீர் எங்கே போகிறது என்று மூன்றாவது பிள்ளைக்குத் தெரியும். வாதாடி, கட்சி மாறி, மறுபடி வாதாடும்போது தொழிலாளியின் பிள்ளை ஆற்றுக்காகப் பேசும், விவசாயியின் பிள்ளை தொழிலாளிக்காகப் பேசும். அவர்கள் எழுதப்போகும் முடிவில் தண்ணீரும் காப்பாற்றப்பட்டு, தொழிலாளிக்கும் வழி இருக்குமா? சுலபமாக எட்டும் என்று நான் சொல்லமாட்டேன். எட்டாவிட்டாலும், நாம் இந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை என்று நாலு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். ஒத்துப்போகாமலே அடுத்த வகுப்புக்குச் சேர்ந்து போவதும் ஒரு தேர்ச்சிதான்.

இதற்கெல்லாம் அரசுப் பள்ளிகளில் இடமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 நவம்பரில் தொடங்கிய மகிழ் முற்றம் திட்டம் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. ஊரும் தெருவும் பார்க்காமல் வகுப்புகளைக் கலந்து கட்டிய குழுக்கள் அவை. விளையாட்டுப் புள்ளிகளுக்கும் கொடி ஏற்றுவதற்கும் மட்டும் அவற்றைப் பயன்படுத்தினால் வீணாகும். வாரத்தில் ஒரு பாடவேளை, குழுவாக வட்டத்தில் உட்கார்ந்து, அந்த வாரம் பள்ளியில் எது சரியில்லை என்று பிள்ளைகள் பேசலாம். கழிப்பறைக்குத் தண்ணீர் வராததைப் பற்றிப் பேசுவார்கள், மைதானத்தைப் பெரிய வகுப்புக்காரர்களே பிடித்துக்கொள்வதைப் பற்றிப் பேசுவார்கள். ஒருநாள் ஆசிரியரைப் பற்றியும் பேசுவார்கள். அந்த நாளில் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதைப் பிள்ளைகள் உற்றுப் பார்ப்பார்கள்.

பள்ளிகளில் மாணவர் மனசு என்று ஒரு புகார்ப் பெட்டி இருக்கிறது. அதை யார் திறக்கிறார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்கிறார்கள், சீட்டு எழுதிய பிள்ளைக்குப் பதில் எப்படிப் போகிறது, எழுதிய பெயர் வெளியே கசியாமல் யார் பொறுப்பு? உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். கூட்டத்துக்குப் பிள்ளைகளையும் அழைத்துப் போய், அவர்களையே முதலில் பேசச் சொல்லுங்கள்.